அண்ணா கழற்றிக் கொடுத்த பின்னச்சு

றெஜி ராசா,

உன் கலியாணத்துக்கு இன்னும் சில கிழமைகள்தான் இருக்கின்றன. அது முடிந்த கையோடு நீயும் ஷாமினியும் கல்கரிக்குப் போய்விடுவீர்கள். போனில் கதைத்தால் போதும்தானே என்று அப்பா கேட்கிறார். போனில் நீ எப்படிக் கதைப்பாய் என்று எனக்குத் தெரியும். "ஓம் அம்மா, சரி அம்மா, பிறகு எடுக்கிறன் அம்மா." அதோடு முடிந்துவிடும். நேரில் வந்தாலோ நான் வாய் திறக்க முதல் எழும்பிக் கார்த் திறப்பைத் தேடுவாய். ஆகவே எழுதுகிறேன். எழுதப் போவது உன் அண்ணா யூட்டின் காரைப் பற்றி. அதன் பின்சில்லுகளைத் தாங்கிய பின்னச்சுக்காக நீயும் குகனும் ஒரு வருடம் முகம் பாராமல் இருந்ததைப் பற்றி. இந்த வீட்டில் அந்தக் கதையை நாங்கள் யாரும் எடுப்பதில்லை. எடுக்காமல் விட்டு விட்டு, இப்போது அண்ணாவின் பெயரையே எடுப்பதில்லை.

கார்களைப் பற்றி எனக்கு அந்த நாளில் ஒன்றுமே தெரியாது. விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் இடத்தில் வேலை முடித்து, முடிவலையின் தடம் நெற்றியில் இருக்க வந்து இறங்குவேன். ரூஜில் நாங்கள் புதிதாக வாங்கிய வீட்டின் கராஜ் கதவு திறந்திருக்கும். உள்ளே மூன்று சோடிக் கால்கள் காருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். சப்பாத்தைப் பார்த்துத்தான் எது யார் என்று கண்டுபிடிப்பேன். தேத்தண்ணியைக் கொண்டுபோய்க் கதவடியில் வைத்துவிட்டு அங்கேயே நின்று நீங்கள் கதைப்பதைக் கேட்பேன். அப்படி நின்று நின்றுதான் எனக்கு இதெல்லாம் தெரிய வந்தது.

அந்தப் பழைய நோவாக் காரை அண்ணா ஸ்ரூவ்வில் பக்கம் ஒரு பண்ணைக்காரரின் கொட்டிலில் கண்டுபிடித்தான். மேலே கோழி எச்சம், கீழே துரு, உள்ளே இருக்கைக்குள் எலிக் கூடு. இழுவை வண்டியில் அது எங்கள் தெருவுக்குள் வந்தபோது அப்பா வாசலில் நின்று, "மற்றப் பெடியள் புதுக் காருக்கு ஆசைப்படுவாங்கள். இவன் தன்ர வயது இரும்பை இழுத்துக்கொண்டு வாறான்" என்றார். அண்ணா சிரித்தான். "அப்பா, உதின்ர பின்பக்கம் ஒருக்கால் குனிஞ்சு பாருங்கோ. உதுக்காகத்தான் வாங்கினனான்." அப்பா குனியவில்லை. அந்தக் காரைத் தொடுவதில்லை, அதில் ஏறுவதில்லை என்று அன்றைக்கே ஒரு முடிவு எடுத்துவிட்டார் போல இருந்தார்.

பின்பக்கம் என்ன இருக்கிறது என்று நான்தான் கேட்டேன். குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். அண்ணா இரண்டு சோசர்களை எடுத்து மேசையில் நிறுத்திப் பிடித்துக்கொண்டு சொன்னான். "அம்மா, கார் திரும்பேக்க உள்பக்கச் சில்லு கொஞ்சத் தூரம்தான் ஓடும். வெளிப்பக்கச் சில்லு கூடத் தூரம் ஓடோணும். ரெண்டையும் அதது பாட்டுக்கு ஓட விடுறது, பின்னச்சின்ர நடுவில இருக்கிற டிபரென்சல். ஆனால் சாதாரண டிபரென்சலில ஒரு பிழை இருக்கு. ஒரு சில்லு ஐஸில வழுக்கினால் அதுதான் சும்மா சுத்திக்கொண்டு நிக்கும், மற்றது அசையாது. இந்த நோவாவில இருக்கிறது அப்பிடியில்லை. ஒண்டு வழுக்கினாலும் மற்றது பிடிச்சு இழுக்கும். எஞ்சின் எவ்வளவு உதைச்சாலும் தாங்கும்." சொல்லும்போது அவன் முகத்தில் இருந்த வெளிச்சம் எனக்கு இப்போதும் தெரிகிறது. படிப்பைப் பற்றிக் கேட்டால் அவன் அப்படிக் கதைத்ததே இல்லை.

குகன் அந்தக் கோடையில்தான் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தான். அகதியாகத் தனியே வந்தவன். பிறம்ரனில் ஒரு களஞ்சியத்தில் போர்க்லிப்ற் ஓட்டிக்கொண்டு, அங்கேயே ஒரு வீட்டின் நிலக்கீழ் அறையில் இருந்தான். இந்த நாட்டில் அவனுக்கென்று ஒரு சொந்தமும் இல்லை. பழைய கார்ச் சாமான் விற்கிற இடத்தில் அண்ணாவைச் சந்தித்தானாம். அவனிடம் ஒரு பழைய கமாரோக் கார் இருந்தது. நோவாவும் கமாரோவும் ஒரே கொம்பனியில் பிறந்த ஒன்றுவிட்ட சகோதரங்கள் என்று அண்ணா சொல்வான். குகன் எஞ்சினைப் பிரித்துப் பூட்டி நல்ல பலமாக்கி வைத்திருந்தான். ஆனால் பின்னச்சு சாதாரணமானது, வயதுபோனது. காலை அழுத்தினால் பின்னாலிருந்து முனகல் கேட்கும். "எஞ்சின் காளை, பின்பக்கம் கன்றுக்குட்டி" என்று நீதான் அவனைப் பகிடி பண்ணுவாய். அவனைக் குகன் அண்ணா என்று கூப்பிடுவாய். ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்தில் பூசை முடிந்து நாங்கள் வந்து சேரும்போது அந்தச் சைவப் பெடியன் எங்கள் வாசல்படியில் குந்தியிருப்பான். "அன்ரி, பசிக்குது" என்பான். அப்படி உரிமையோடு பசியைச் சொல்ல அவனுக்கு வேறு வீடு இருக்கவில்லை.

பிறகு அண்ணாவுக்கு வருத்தம் வந்தது. முதலில் களைப்பு என்றான். பிறகு முழங்கையில், தொடையில் காரணமில்லாமல் நீலம் பாய்ந்த கண்டல். காருக்குக் கீழே புரளுகிற பிள்ளைக்குக் கண்டல் வராதா என்று நானும் விட்டுவிட்டேன். இரத்தப் புற்றுநோய் என்று டொக்ரர் சொன்ன நாளில் அப்பா ஆஸ்பத்திரிக் கதிரையின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தபடி, மாணவனைப் போல, "அதுக்கு என்ன மருந்து?" என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். மருந்து இருந்தது. அந்தக் குளிர்காலம் முழுவதும் ஏற்றினார்கள். தலைமுடி போனது. சாப்பாட்டின் ருசி போனது. வசந்தம் வந்தபோது கொஞ்சம் தெளிந்தான். முகத்தில் நிறம் வந்தது. படியிறங்கிக் கராஜுக்குப் போய் நோவாவின் போனற்றில் கை வைத்து நின்றான். கடவுள் கண்ணைத் திறந்துவிட்டார் என்று நான் கோவிலில் மெழுகுதிரி கொளுத்தினேன்.

நீ அப்போது வின்சரில் இருந்தாய், படிப்போடு சேர்ந்த அந்த வேலைக்காக. போகாமல் நிற்கிறேன் என்றாய், அண்ணாதான் பிடிவாதமாக அனுப்பினான். நீ இல்லாத அந்த நாட்களில்தான் அவன் குகனைக் கூப்பிட்டு, "என்ர கார் சும்மா நிக்குது. உன்ர கார் ஓடட்டும். பின்னச்சை மாத்துவம்" என்றான். குகன் முதலில் மாட்டேன் என்றான். அண்ணா விடவில்லை. கராஜ் வாசல் ட்றைவேயில் இரண்டு கார்களையும் பக்கத்துப் பக்கத்தில் தாங்கிகளில் ஏற்றினார்கள். அண்ணாவுக்குக் குனிந்து வேலை செய்யப் பலமில்லை. கதிரையில் போர்வையைச் சுற்றிக்கொண்டு இருந்து, எதை முதலில் கழற்றுவது, எங்கே முட்டுக் கொடுப்பது என்று சொல்லிக்கொண்டிருந்தான். குகன் கீழே கிடந்து செய்தான். எண்ணெய் வடிந்து, அவிந்த முட்டை போல ஒரு மணம் தெருவெல்லாம் போனது. குகனின் பழைய அச்சை அன்றைக்கே நோவாவுக்குக் கொடுத்து, கார் உருளக்கூடியதாக மட்டும் பூட்டிவிட்டார்கள். நோவாவின் அச்சைத் துப்பரவாக்க வேண்டும் என்று குகன் தெரிந்த ஒருவரின் பட்டறைக்குக் கொண்டுபோனான். அண்ணாவும் கூடப் போய்வந்தான். ஒருநாள் சேர்ட்டின் கையில் பொட்டுப் பொட்டாக எரிந்த ஓட்டைகளோடு வந்தான். "உந்த உடம்போட நெருப்புக்குப் பக்கத்தில ஏனடா போனனீ?" என்று ஏசினேன். "சும்மா பாத்துக்கொண்டு நிண்டனான் அம்மா" என்றான். அதைத் தையல் போட்டுக் கொடுத்தேன். அதற்கு மேல் நான் ஒன்றும் யோசிக்கவில்லை.

உனக்குப் போனில் அவன் சொன்னதும் எனக்குக் கேட்டது. நீ மறுமுனையில் கத்தியிருக்கிறாய். அவன் சிரித்துக்கொண்டு, "கத்தாதை. கடனாத்தான் குடுத்தனான். வாற வசந்தம் திருப்பி மாத்துவம், நீயும் நிப்பாய்தானே" என்றான். அதன் பிறகு வருத்தம் திரும்பி வந்து அவன் கட்டிலோடு ஆனான். ஒவ்வொரு கிழமை முடிவிலும் நீ வின்சரிலிருந்து பஸ்ஸில் வந்தாய். வரும்போது சாமான் விபரப் புத்தகங்களைக் கொண்டுவருவாய். அவனுடைய கட்டிலில் ஏறி இருந்து, வசந்தத்தில் நோவாவுக்கு என்ன நிறம், என்ன இருக்கை, முதல் ஓட்டம் எந்த றோட்டில் என்றெல்லாம் சொல்லுவாய். அவன் கண்ணை மூடிக்கொண்டு கேட்பான். இடையில் கண்ணைத் திறந்து, "பச்சை வேண்டாம், கடும் நீலம்" என்பான். நீங்கள் இருவரும் அந்த நிறத்துக்காக ஒரு பின்னேரம் முழுக்கச் சண்டை பிடித்தீர்கள். நான் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தச் சண்டை எனக்குப் பாட்டுப் போல இருந்தது.

வசந்தம் வரை அவன் இருக்கவில்லை. தை மாதப் பனியில் கொண்டுபோய் அடக்கம் பண்ணினோம். பெட்டியின் ஒரு பக்கம் நீ, மறு பக்கம் குகன். மண் இறுகிக் கிடந்ததால் இயந்திரம் கொண்டு வெட்டியிருந்தார்கள். குகன் கையுறை போடாமல் நின்றான். கை சிவந்து வீங்கிவிட்டது. அன்றைக்கு அவனைக் காரில் எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்து அவன் கையைச் சுடுதண்ணிக்குள் வைத்துப் பிடித்தவன் நீதான். மறந்துவிடாதே.

பனி உருகியதும் நீ கராஜைத் திறந்தாய். நோவாவைத் திருத்தி முடிக்கப் போகிறேன் என்றாய். எனக்கு அது ஆறுதலாகத்தான் இருந்தது. வீட்டில் சத்தம் கேட்டது, நட்டுக் கழற்றும் சாவி விழுந்தது, றேடியோ பாடியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை குகன் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நீ கேட்டாய். "குகன் அண்ணா, அண்ணாவின்ர டிபரென்சலைத் திருப்பித் தரவேணும். கார் அண்ணா விட்ட மாதிரியே இருக்கோணும்." குகன் கையில் இருந்த சோற்றைப் பார்த்தான். "அது ஏலாது தம்பி" என்றான். நீ முதலில் விளங்காதவன் போல நின்றாய். "ஏன் ஏலாது? கடனாத்தானே தந்தவன்? எனக்கு அவன் சொன்னவன்." குகன் சோற்றைப் பிசைந்தான். "வேற எது வேணுமெண்டாலும் கேள், செய்து தாறன். உதை மட்டும் கேளாதை." அப்போதுதான் நீ அந்தச் சொல்லைச் சொன்னாய். "செத்தவன்ர சாமானை வைச்சிருக்கப் பாக்கிற கள்ளன் நீ." அண்ணா என்று கூப்பிட்ட வாய் ஒரே மூச்சில் நீ என்று மாறியது. குகன் எழும்பிக் கையைக் கழுவினான். சாப்பிட்ட கோப்பையையும் கழுவி வைத்தான். "போட்டு வாறன் அன்ரி" என்றான். என் முகத்தைப் பார்த்தான், நான் ஏதாவது சொல்வேன் என்று. நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன். எனக்கும் அன்றைக்கு அவனில் கோபம்தான்.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் வாசல்படி வெறுமையாகக் கிடந்தது. நான் பழக்கத்தில் அவனுக்கும் சேர்த்து உலை வைத்துவிட்டு, மிஞ்சியதைத் திங்கட்கிழமை வேலைக்குக் கொண்டுபோவேன். நீ பிறம்ரனுக்குப் போய் அவன் வேலைசெய்யும் இடத்துக் கார்த் தரிப்பில் எல்லாருக்கும் முன்னால் அவனை ஏசிவிட்டு வந்தாய் என்று பிறகு யாரோ சொன்னார்கள். அவன் கேட்டுவிட்டு உள்ளே வேலைக்குப் போனானாம். அப்பா ஒருநாள் மெதுவாக, "உது வெறும் இரும்பு, விடு தம்பி" என்றார். நீ அவரைப் பார்த்து, "நீங்கள் ஒருநாளும் அந்தக் காரில ஏறினதில்லை. உங்களுக்கு என்ன தெரியும்?" என்று கத்தினாய். அவர் மேல்மாடிக்குப் போய்க் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். இந்த வீட்டில் மூன்று பேர் இருந்தோம், ஒவ்வொருவரும் ஒவ்வொரு அறையில்.

அண்ணாவின் முதலாம் ஆண்டுப் பூசைக்குக் குகன் வந்திருந்தான். கோவிலின் கடைசி வாங்குக்கும் பின்னால், குளிர்ச்சட்டையைக் கழற்றாமல் நின்றான். பூசை முடிந்து வெளியே வந்தபோது உன் முன்னால் வந்து, "பனி உருகட்டும். ஒரு சனிக்கிழமை கமாரோவைக் கொண்டுவாறன். கழட்டித் தாறன்" என்றான். நீ வென்றுவிட்டதாக நினைத்தாய். உன் தோள் நிமிர்ந்ததை நான் கண்டேன். அவன் முகத்தையும் கண்டேன். தோற்றவனின் முகமாக அது இருக்கவில்லை. அதற்கு என்ன பெயர் என்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.

அந்தச் சனிக்கிழமையை நீ எப்படி நினைவு வைத்திருக்கிறாயோ தெரியாது. நான் கண்டதைச் சொல்கிறேன். காலையிலேயே வந்துவிட்டான். இருவரும் கதைக்காமல் வேலை செய்தீர்கள். சாவியைக் கேட்பதற்குக்கூட வாய் திறக்காமல் கையை நீட்டினீர்கள். இரண்டு கார்களின் பின்பக்கமும் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றன. இரண்டு அச்சுகளும் ட்றைவேயில் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தன. பிறகு அண்ணாவின் அச்சை நோவாவுக்குக் கீழே உருட்டிக் கொண்டுபோய் ஜாக்கில் வைத்து உயர்த்தினாய். அது சரியாக உட்காரவில்லை. இறக்கி மறுபடி உயர்த்தினாய். ஸ்பிரிங் வந்து உட்கார வேண்டிய இருப்புகள் இரண்டு பக்கமும் வெளியே தள்ளி நின்றன. "ஏன் உது பொருந்துதில்லை?" என்று நீ உனக்குள்ளேயே கேட்டாய். ரோச் லைற்றை எடுத்துக்கொண்டு கீழே போனாய். நெடுநேரம் வெளியே வரவில்லை. உன் சப்பாத்துகள் அசையாமல் கிடந்தன.

வெளியே வந்தபோது உன் முகம் வெளிறியிருந்தது. "வெட்டியிருக்கு" என்றாய். "பழைய இருப்புகளை அடியோட வெட்டி எடுத்துப்போட்டு, கமாரோவின்ர அளவுக்குப் புதுசா வெல்ட் பண்ணியிருக்கு. ஆர் செய்தது? நீயா?" குகன் தலையை ஆட்டினான். "எனக்கு வெல்டிங் தெரியாது." நீ அதை விரலால் தடவிப் பார்த்தாய். அண்ணாவின் வெல்டிங் உனக்குத் தெரியும். காசுகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் சரித்து அடுக்கியது போல இருக்கும் என்று நீதான் எனக்குக் காட்டியிருக்கிறாய். "கடனாக் குடுக்கிறவன் உதைச் செய்ய மாட்டான்" என்றாய்.  "உதைச் செய்தால் பிறகு நோவாவுக்குத் திரும்பிப் பூட்டேலாது. அவனுக்கு அது தெரியும். குகன் அண்ணா, அவனுக்குத் தெரியுமே? அப்பவே தெரியுமே?"

ஒரு வருடத்துக்குப் பிறகு நீ அவனை அண்ணா என்று கூப்பிட்டாய். குகன் ட்றைவேயில் அப்படியே குந்திவிட்டான். "வாயால சொல்ல மாட்டன் எண்டு அவனுக்குச் சத்தியம் பண்ணினனான் தம்பி. டொக்ரர் அவனிட்டத் தனிய எல்லாம் சொல்லிட்டார். மருந்து இனிப் பிடிக்காது எண்டு. பட்டறையில நிக்கேலாமல் நிண்டு, இருந்து இருந்து வெல்ட் பண்ணினவன். நான் அழுதனான். அவன் சொன்னான், 'றெஜிக்குச் சொல்லாதை. அவன் வசந்தத்துக்கு நிறம் பாத்துக்கொண்டிருக்கிறான்' எண்டு." எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு, "நீ கள்ளன் எண்டு சொல்லேக்க எனக்குச் சொல்ல வாய் வந்தது. ஆனால் சொல்லியிருந்தால் நீ அவனில கோவிச்சிருப்பாய். என்னில கோவிக்கிறது பரவாயில்லை எண்டு விட்டிட்டன். பிறகு பாத்தால் நீ விடுற மாதிரித் தெரியேல்லை. கழட்டித் தந்தால் நீயே பாப்பாய் எண்டு நினைச்சன்" என்றான்.

நீ கராஜ் சுவரில் சாய்ந்து சரிந்து இருந்தாய். அடக்கத்தன்று அழாத பிள்ளை அன்றைக்கு அழுதாய். நான் ஓடிவந்து உன் தலையை மடியில் எடுக்கப் பார்த்தேன். நீ என்னைத் தள்ளிவிட்டாய். அந்த நேரத்தில்தான் அப்பா வந்தார். சாரத்தோடு, வீட்டுச் செருப்போடு, எல்லாவற்றையும் மேல் யன்னலில் நின்று கேட்டிருக்கிறார். நேரே அந்த அச்சடிக்குப் போய்க் குனிந்தார். முதல் தடவையாக. ஒட்டியிருந்த இடத்தில் உள்ளங்கையை வைத்து, காய்ச்சல் பார்ப்பது போல, கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு நிமிர்ந்து குகனிடம், "எங்க பிடிக்கோணும் எண்டு சொல்லு. உன்ர காருக்குப் பூட்டுவம்" என்றார். நீங்கள் மூவரும் சேர்ந்துதான் அதைத் தூக்கினீர்கள். அப்பாவின் சாரம் முழுக்க எண்ணெய். அதை எவ்வளவு தோய்த்தும் போகவில்லை.

பின்னேரம் குகன் கமாரோவை எடுத்தான். "அழுத்து" என்று நீ சொன்னாய். தெருவில் இரண்டு கறுத்த கோடுகள் விழுந்தன. எதிர்வீட்டு மனிசி கதவைத் திறந்து பார்த்தாள். அப்பா அவளுக்குக் கையைக் காட்டினார். குகன் தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, குசினிக்குள் நுழைந்து, ஒன்றும் கேட்காமல் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தான். நான் சோறு போட்டேன். அன்றைக்கு எல்லாம் சரிவந்துவிட்டது என்று நான் நம்பினேன் ராசா. குகனுக்கு வீடு திரும்பக் கிடைத்தது. அப்பாவுக்கு வாய் திரும்பக் கிடைத்தது. உனக்குத்தான் ஒன்றும் கிடைக்கவில்லை என்று எனக்கு விளங்க நெடுங்காலம் சென்றது.

அடுத்த மாதம் நீ நோவாவை விற்கச் சொன்னாய். அண்ணாவின் அறையை நீயே ஒதுக்கினாய். மிசிசாகாவில் வேலை கிடைத்து அங்கேயே வீடு எடுத்தாய். மாதாமாதம் வந்தாய், கடமையில் குறை வைக்கவில்லை. ஆனால் அண்ணாவைப் பற்றி யாரும் ஒரு சொல் எடுத்தால் உன் முகம் மூடிக்கொள்ளும். உன் கோபம் குகனோடு இருக்கவில்லை, அது முடிந்துவிட்டது. உன் கோபம் யூட்டோடு. குகனுக்கு உண்மை, எனக்கு மட்டும் நிறமும் இருக்கையும் என்று நினைக்கிறாய். உன்னைச் சின்னப் பிள்ளையாக்கிப் போய்விட்டான் என்று நினைக்கிறாய்.

அந்த நாட்களில் நீ காணாததை நான் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை காலையிலிருந்து அவன் மணிக்கூட்டைப் பார்ப்பான். "றெஜியின்ர பஸ் வெளிக்கிட்டிருக்குமே அம்மா?" என்று கேட்பான். சேர்ட் மாற்றிவிடச் சொல்வான். நீ ஞாயிற்றுக்கிழமை போன பிறகு, கிழமை முழுக்கத் தொடாத கஞ்சியில் கொஞ்சம் குடிப்பான். நான் அவனைப் பார்க்கும்போது என் கண்ணில் வருத்தம் தெரிந்தது. அப்பாவின் கண்ணில் தெரிந்தது. குகனின் கண்ணில் தெரிந்தது. பூசை வைக்கிற சுவாமி வந்தாலும் அதுதான். உன்னோடு இருக்கும்போது மட்டும்தான் அவன் வருத்தக்காரனாக இருக்கவில்லை. கடும் நீலமா பச்சையா என்று சண்டை பிடிக்கிற ஒரு அண்ணனாக இருந்தான். அவன் உன்னை ஏமாற்றவில்லை. உன்னிடமிருந்து அதை எடுத்துக்கொண்டான். அவனுக்கு வேறு யாரும் கொடுக்க முடியாததை நீ கொடுத்தாய், அதைத் தெரியாமல் கொடுத்தாய் என்பதுதான் உன் துக்கம். அது எனக்கும் விளங்குகிறது. ஆனால் கொடுத்தது கொடுத்ததுதான்.

நீ ஒரு பெண்ணோடு வாழப் போகிறாய். உங்களுக்குள்ளும் ஒருநாள் வருத்தம் வரும், பயம் வரும். எங்கள் வீட்டில் பயத்தை ஆளுக்கு ஆள் ஒளித்து வைத்தோம். அன்பில்தான் ஒளித்தோம். ஆனால் ஒளித்து ஒளித்து, ஒரே கூரைக்குக் கீழே ஆளை ஆள் தேட வேண்டி வந்தது. நீ அப்படிச் செய்யாதே. அவளிடம் சொல்லி அழு. அழுதால் நீ சின்னப் பிள்ளை ஆகிவிட மாட்டாய். அப்பாவோடு இத்தனை வருடம் வாழ்ந்ததில் எனக்கு அவர் மீது மனம் நிறைந்த நாள் எது என்று கேட்டால், எண்ணெய்ச் சாரத்தோடு அவர் தோய்க்கும் அறையில் இருந்து விம்மிய அந்த இரவைத்தான் சொல்வேன். அன்றைக்குத்தான் அவர் எனக்கு முன்னால் அழுதார்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ மண்டபக்காரரைப் பார்க்கப் போயிருந்தாய். ஷாமினி என்னோடு நின்று கோப்பை துடைத்துக்கொண்டிருந்தாள். கலியாணத்தன்று இரு வீட்டாரையும் அறிமுகம் செய்யப் போகிறவருக்கு விபரம் சொல்ல வேண்டுமாம். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். "அன்ரி, றெஜிக்குச் சகோதரங்கள் இல்லைத்தானே? ஒரே பிள்ளை எண்டு சொல்லச் சொல்லட்டே?"

நான் தண்ணீரைத் திறந்துவிட்டேன். அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். "எனக்கு ரெண்டு பிள்ளையள்" என்றேன். அவள் துடைத்துக்கொண்டிருந்த கோப்பை அப்படியே நின்றது. "மற்றவர் எங்க அன்ரி?" என்று மெதுவாகக் கேட்டாள். "றெஜி சொல்லுவான்" என்றேன்.  எல்லாக் கோப்பைகளையும் துடைத்து அடுக்கினாள். போகும்போது என்னைக் கட்டிப்பிடித்தாள், வழமையை விடக் கொஞ்சம் இறுக்கமாக. நல்ல பிள்ளை. உன்னிடம் இன்னும் கேட்டிருக்க மாட்டாள். நீ சொல்லும்வரை காத்திருப்பாள் என்று நினைக்கிறேன்.

அவளை நெடுங்காலம் காக்க வைக்காதே. நீ எப்படிச் சொல்ல விரும்புகிறாயோ அப்படிச் சொல்லு. கோபத்தோடு வேண்டுமானாலும் சொல்லு. ஆனால் பெயரைச் சொல்லு. கலியாணத்தன்று மைக்கில் அந்த மனிதர் என்ன வாசித்தாலும் வாசிக்கட்டும், நான் எழும்பி ஒன்றும் சொல்லப் போவதில்லை, உன் நாளைக் குழப்பப் போவதில்லை. கோவிலில் முன் வாங்கில் அப்பாவுக்கும் எனக்கும் நடுவில் ஒரு இடம் விட்டு இருப்போம். நீ பீடத்திலிருந்து திரும்பிப் பார்த்தால் அது உனக்குத் தெரியும்.

அம்மா